யெஃபீமின் ஞாபகப்படி

1996 பிப்ரவரி 6, செவ்வாய்

தெருப்பெயர் படிக்கிற அளவுதான் எனக்கு எழுத்து. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக் கிளாஷா எழுதுகிறாள்.

இன்றும் ரோஸ்திஸ்லாவ் கெர்மானவிச் வீட்டுக்குப் போனேன். முப்பத்தொரு வருடம் அவருக்குக் கார் ஓட்டினேன். தூதர், பேராசிரியர். சீன எல்லை விவகாரம் என்றால் அவரைக் கேட்காமல் மாஸ்கோவில் ஒரு காகிதம் நகராது. இப்போது தன் வாழ்க்கையை எழுதுகிறார். கையில் ஒரு குறிப்பேடுகூட இல்லை. வேலையில் எழுதியதெல்லாம் நூல் கோத்து அரக்கு முத்திரை வைத்த ரகசிய நோட்டுகளில்தான். அன்றன்று மாலையே அமைச்சகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் தேதிக்கு நான்.

“அந்த ஜப்பான்காரன் வந்தது எப்போ, யெஃபீம்?”

“அறுபத்தேழு, மே பதினொண்ணு. தொப்பிய கார்லயே விட்டுட்டுப் போனீங்க.”

“அடப் பிசாசே! தொப்பியக்கூட விடமாட்டியா?”

பிப்ரவரி 11

ஷுமீலினின் மகள் ஸோயா வந்தாள். அவள் அப்பாவும் இவரும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். ரகசியத் தாளை வெளியாளிடம் காட்டினார் என்று ஷுமீலினைத் துரத்தினார்கள். கொதிகலன் அறையில் கரி அள்ளியே செத்தார்.

“அப்பா மேல யார் எழுதிக் கொடுத்தாங்க மாமா? உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். “புத்தகம் எழுதறாரும்மா. அவரே சொல்லுவார், பொறு” என்றேன். அவர் வாயால் வருவதுதான் அவருக்கு மரியாதை.

மார்ச் 5

அறுபத்தெட்டுக்கு வந்துவிட்டோம்.

“அக்டோபர் கடைசியில நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். இல்லையா, யெஃபீம்?”

“இல்லைங்க. இருபத்துநாலு, வியாழன். பனியும் மழையுமா கொட்டுச்சு. ரகசியப் போலீஸ் கட்டடத்து வாசல்ல நான்தான் இறக்கிவிட்டேன். திரும்பி வந்து, ‘ஷுமீலின் கதை முடிஞ்சுது, என் கையாலயே எழுதிட்டேன்’னீங்க.”

அவர் மனைவி தமாரா தேநீர்க் கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்தாள். “டிரைவருக்கு ரோட்டுல கண்ணு இருந்தாப் போதும், யெஃபீம் ஸாவிச்.”

மார்ச் 12

வரவேண்டாம் என்று போன்.

மார்ச் 26

போனே இல்லை. ஸோயாவிடம் இப்போதாவது சொல்லிவிடலாமா? — எந்த முகத்தோடு? இருபத்தெட்டு வருடம் வாயைத் திறக்காதவன்தானே நானும்?

நவம்பர் 14

புத்தகம் வந்துவிட்டது. கிளாஷா படித்தாள்.

“அந்த வாரம் முழுவதும் மருத்துவமனையில் இருந்தேன். ஷுமீலினுக்கு நேர்ந்ததைப் பிறகுதான் அறிந்தேன். தேதிகளில் ஒருபோதும் பிசகாத என் ஓட்டுநர் யெஃபீமின் ஞாபகமே இதற்குச் சாட்சி.”

“இன்னொரு தடவ படி, கிளாஷா.”

படித்தாள். அதேதான்.

நவம்பர் 17

ஸோயாவுக்குப் போன் செய்தேன். நாள், கிழமை, மழை, அவர் சொன்ன வார்த்தை — எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“புத்தகத்துலயும் உங்க ஞாபகம்னுதான் போட்டிருக்கு. நான் எந்த ஞாபகத்த நம்பறது, மாமா?”

அவள் போனை வைக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். நான்தான் வைத்தேன்.