'பாக்கலாம்' என்று சொன்னதற்கு

அன்புள்ள பைந்தா,

மிக்கினெஸ் தீவிலிருந்து உன் ஹானுஸ். கால் வீக்கம் வடிந்ததா? உன் அம்மா தடுத்தாலும் நீ வாளி தூக்குவாய், தூக்காதே. நான் நலம். கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்று நாளாக மூடுபனி, படகு வரவில்லை. பஃபின் பறவைகளைப் பார்க்க நான் கூட்டிவந்த பதினோரு பயணிகளும் விடுதிச் சமையலறையில் என்னோடு அடைந்து கிடக்கிறார்கள். இன்று காலை ஒரு ஜெர்மன்காரம்மா, "நாளைக்காவது படகு வருமா?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றேன். "பனி விலகுமா?" "பாக்கலாம்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா, உங்க ஊர்ல ஆமா, இல்லன்னு ரெண்டு வார்த்தை இருக்கா? இல்ல, அதையும் பாக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே போய், கண்ணுக்கே தெரியாத கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளம்பிய அன்று படகுத்துறையில், "குழந்தை பிறக்கறப்ப பக்கத்துல இருப்பியா?" என்று நீ கேட்டதற்கும் இதையேதான் சொன்னேன். நீ திரும்பி நடந்தாய். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் முழங்கையைத் தைத்து வை. தொட்டிலுக்கு நீயே ஆணி அடிக்காதே, எனக்கு விட்டுவை. கொட்டிலில் காற்றில் காயத் தொங்கவிட்டிருக்கும் ஆட்டிறைச்சியையும் நான் வரும்வரை அறுக்காதே.

பனிக்குள் ஏதோ இரைகிறது. படகா, அலையா, தெரியவில்லை. ஜெர்மன்காரம்மா அதற்குள் பையைத் தூக்கிவிட்டாள். இந்த உறைக்குத் தபால்தலை ஒட்டவில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் தருகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம்.

ஹானுஸ்