ஸ்டெல்லாவுக்கு அடித்த பலகை

சேதராப்பட்டு

அன்பு ஆதிலட்சுமிக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை; கம்பெனியே என் தோளில்தான் ஓடுகிறது.

இங்கே 'எல்லோரும் சமம்' என்று பெரிய பேனர் கட்டினார்கள். அதன் கீழேயே, ஊன்றுகோலோடு கேன்டீன் படி ஏறமுடியாமல், கூட வேலை செய்யும் ஸ்டெல்லா வெளியில் தனியாகச் சாப்பிட்டாள். "ரேம்ப் கட்ட பட்ஜெட் இல்லப்பா" என்றார் மேனேஜர். எனக்கு வந்ததே கோபம்! நான் போட்ட சத்தத்தில் மெஷினெல்லாம் நின்றுவிட்டது. கழித்துப்போட்ட பலகைகளை நானும் பீகார் ஆட்களும் படிமேல் சாய்வாக அடித்தோம். செலவு வெறும் ஆணிதான்.

தானே கட்டியதுபோல, வெட்கமில்லாமல் அதன்மேல் நின்று மேனேஜர் போட்டோ எடுத்துக்கொள்கிறார்! ஸ்டெல்லா விட்டாளா? "நவுரு சார், பசிக்குது" என்று ஏறிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கருவாடு கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தனுப்பு, மேசையில் ஆள் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனை எடு. அன்றைக்குக் கேன்டீன் கிடையாது, அறையில் நான் தனியாகத்தான் சாப்பிடுவேன். ஷிப்டு மணி அடிக்கிறது.

உன்
தங்கவேல்