குழாயின் கைப்பிடி

அண்ணா,

நேரில் என்றால் எனக்கு வாயே வராது. அதனால் எழுதுகிறேன்.

நம் கொட்டகை பேட்டரி, மின்சாரம் ஏறும்போது கடல்நீரிலிருந்து உப்பைப் பிடித்துக்கொள்ளும்; உப்பு நீங்கிய நீர் குடிநீர்த் தொட்டிக்குப் போகும். விளக்கு எரிய மின்சாரம் கொடுக்கும்போது அந்த உப்பைத் தண்ணீரிலேயே கக்கிவிடும். அதற்கு முன் குழாயைக் குடிநீர்த் தொட்டியிலிருந்து சாக்கடைப் பக்கம் திருப்புவதுதான் என் வேலை.

நேற்று, பேட்டரியைப் பார்க்க வந்தவர்களுக்கு விளக்கு எரிவதைக் காட்டும் அவசரத்தில் நீயே சுவிட்சைப் போட்டாய். "அண்ணா, குழாய்..." என்று எழுந்தேன். "சும்மா உக்காரு" என்றாய். தெருவே குடிக்கும் தொட்டி உப்பாகிவிட்டது. "எட்டாவதோட நின்னவ சார், இவளைப் போய் நம்பினேன் பாருங்க" என்று அவர்களிடம் சிரித்தாய்.

நான் நின்ற வருடம்தான் நீ கல்லூரியில் சேர்ந்தாய். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

இன்று காலை எதிர்வீட்டு அக்கா, வாந்தி எடுத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "ஏண்டி, தூங்கிட்டியா?" என்று கேட்டாள். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை.

தொட்டியைக் கழுவிவிட்டேன். குழாயின் கைப்பிடியைக் கழற்றி என்னிடம் வைத்திருக்கிறேன்; அது இல்லாமல் குழாயைத் திருப்ப முடியாது. நாளை அவர்கள் மறுபடி வருகிறார்களாமே. அதற்குள் அக்காவிடம் போய், சுவிட்சைப் போட்டது நீதான் என்று சொல். அவள் வந்து கேட்டால் கைப்பிடியைத் தருகிறேன். நீ கேட்டால் தரமாட்டேன்.

எட்டாவதோடு நின்ற
உன் தங்கை