இடுப்பால் இழுத்த வலை

கண்டக்குழி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரான்சிஸ்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். உங்கள் சுகத்துக்காக இன்று கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். கடிதத்தை உங்களிடம் தருமுன் அங்கே ஒருவர் வாசித்துப் பார்ப்பாராம். அவருக்கும் சிரமம் இருக்கக்கூடாது என்று எழுத்துகளைத் தெளிவாகப் பிரித்து எழுதுகிறேன்.

அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. பாலாவியில் பஸ்ஸுக்கு நிற்பதுதான் கஷ்டமாம். போன கிழமை விளக்கமறியல் சிறையில் உங்களைப் பார்த்துவிட்டு வந்து, என்னைக் கூட்டிவரக்கூடாது என்று நீங்கள் சொன்னதைச் சொன்னார். "பிள்ளை என்னை இஞ்ச வைச்சுப் பாக்கவேண்டாம்" என்றீர்களாம். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதலில் விவாதப் போட்டியைச் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பு, 'வன்முறை மனிதனின் இயல்பு'. ஆம் என்று பேசும் பக்கம் எனக்கு விழுந்தது. றிஸ்மியா ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, விரும்பினால் வேறு பிள்ளையைப் போடலாம் என்றார். நான் விடவில்லை. நூலகத்தில் இதைப் பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் வாசித்துக் குறிப்பெடுத்தேன். பிறந்த குழந்தை யாரையும் அடிப்பதில்லை என்று நப்லா எதிர்ப்பக்கத்தில் அழகாகப் பேசினாள். அதற்குப் பல் முளைத்த பிறகு வந்து பார்க்கச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. நாங்கள் வென்றோம் அப்பா. வீட்டுக்கு வந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

என்னிடம் இருந்த பெரிய சான்றை நான் அங்கே சொல்லவில்லை. கடல் கொந்தளித்து வலை விடாத நாளும் கரைவலைகள் மாறி மாறி இறங்கும் முறையில் சேருமா என்று நீங்களும் மற்ற வலைக்கார யாக்கோபு மாமாவும் கரையில் வாதாடியபோது, நான் தேத்தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் நின்றேன். அவர் உங்களைக் கள்ளன் என்றார். நீங்கள் துடுப்பை ஓங்கினீர்கள். அது அவர் கையில் விழுந்த சத்தம் கேட்டபோது, ஒரு மூச்சு நேரம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை அம்மாவிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. அடுத்த மூச்சில் நீங்கள் துடுப்பை எறிந்துவிட்டு, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வான் வண்டி நிற்கும் இடம்வரை ஓடினீர்கள். உங்கள் ஒரு செருப்பு மணலில் கிடந்தது. அதைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அடித்தது இயல்பா, தூக்கி ஓடியது இயல்பா என்று அந்த மூன்று புத்தகத்திலும் இல்லை.

நேற்று நம் வலையின் முறை. வடக்குக் கயிற்றில் உங்கள் இடம் வெறுமையாக இருந்தது. ஒரு பக்கம் பிந்தினால் வலை சாய்ந்து மீன் போய்விடும் என்று அம்மாவே கயிற்றைப் பிடிக்கப் போனார். அப்போது யாக்கோபு மாமா பிளாஸ்டர் போட்ட கையோடு வந்தார். இடுப்பில் கட்டி இழுக்கும் சின்னக் கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாதல்லவா. நான்தான் கட்டிவிட்டேன். இந்தக் கையோடு எப்படி இழுப்பீர்கள் என்று ஜெயந்தன் அண்ணன் கேட்டார்.

"கைதானே முறிஞ்சது. வலை இழுக்கிறது இடுப்பாலதானே" என்றார். கரையே சிரித்தது. மீன் சேரும் வலைமடி கரையேறும்வரை பின்னோக்கி நடந்து இழுத்தார். சாளை மீன் நன்றாகப் பட்டிருந்தது. கறிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் நன்றி சொன்னதற்கு, "உன்ர அப்பனோட எனக்குக் கதை பேச்சில்லை. முறை எண்டா முறை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனவர் திரும்பி வந்து, உங்களுக்கு அங்கே சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, நான் இன்னும் போகவில்லை என்றேன். போய்ப் பார்த்து வந்து சொல்லச் சொன்னார்.

அதனால் வருகிற சனிக்கிழமை அம்மாவோடு நானும் வருகிறேன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதீர்கள், அப்பா. அந்த ஒரு மூச்சில் நானும் உங்களோடு இருந்தேன். உங்களை அங்கே வைத்துப் பார்க்க எனக்கு வெட்கமில்லை. செருப்பையும் கொண்டுவருகிறேன். மற்றது உங்களிடம் இருக்கும்தானே.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். ஒழுங்காகச் சாப்பிடுங்கள். மாமாவுக்கு நான் பொய் சொல்ல முடியாது.

உங்கள் மகள்,
பிரான்சிஸ்கா