டிக்கியில் ஐஸ் பெட்டி

மே 5, செவ்வாய்

கத்திரி வெயில் தொடங்கி இரண்டாம் நாள். காலை எட்டு மணிக்கே என் மெக்கானிக் ஷெட் தகரத்தைத் தொட முடியவில்லை. தலையில் ஈரத் துண்டு.

பாஸ்கர் வந்தார். திருப்போரூர் பக்கம் மனை போட்டு விற்பவர். (இனி பா. முழுப்பெயர் எழுதப் பொறுமை இல்லை.) அவருடைய சிவப்பு வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் எதிர் டீக்கடையே கிளாஸோடு எழுந்து வந்துவிட்டது. வெளிநாட்டு வண்டி, எட்டு சிலிண்டர், மேலே சூப்பர்சார்ஜர். நம் ஷெட்டில் இதுவரை நின்றதில் பெரிய சமாசாரம் செங்கல் லாரிதான்.

புகார்: "மொத தபா மிதிச்சா பறக்குதுண்ணா. ரெண்டாவது தபா சுமாரு. மூணாவது தபா ஷேர் ஆட்டோ என்ன ஓவர்டேக் பண்ணிகினு போறான். அவன் திரும்பி சிரிக்கிறான்ணா."

காரணம் எனக்குத் தெரியும். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அமுக்கினால் காற்று சூடாகும். அதைத் தணிக்க ஒரு தண்ணீர் ஓட்டம் உண்டு. ஆனால் நம் ஊர் மே மாதத்தில் அந்தத் தண்ணீரே கொதிக்கிற ரசம். காற்று சூடானதும் இன்ஜின் பயந்துபோய்த் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மருந்து ஒன்றுதான். டிக்கியில் ஒரு பெரிய தொட்டி, தொட்டி நிறைய ஐஸ் தண்ணீர், பம்ப் வைத்து முன்னால் அனுப்பித் திரும்ப வாங்குவது.

போன வருடம் வரை நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் பா. முதலில் கேட்டாராம். கம்பெனி புத்தகத்தில் இல்லாத வேலையைத் தொடமாட்டோம் என்றார்களாம். நான் "பண்ணிடலாம் சார்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். என் வாய் எப்போதும் இப்படித்தான், என்னைக் கேட்காது.

ஞாயிறு காலை அவருடைய லேஅவுட் ரோட்டில் சோதனை. இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் சிநேகிதர்கள் மூன்று பேர் பார்க்க வருகிறார்கள். நன்றாக வந்தால் மூன்றும் நம் ஷெட்டுக்கு.

வீட்டில் ஸ்டெல்லா வேறு செய்தி வைத்திருந்தாள். அதே சர்வீஸ் சென்டர் மேனேஜர் போன் செய்தாராம். சூப்பர்வைசர் வேலை, திரும்ப வருகிறாயா, திங்கள் பத்து மணிக்குப் பதில் வேண்டும். ஷெட் திறந்து ஏழு மாதம், பாதி நாள் ஈ ஓட்டுகிறேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஸ்டெல்லா ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஒருநாள் லேட் இல்லை. அவளிடம் என்ன பேசுவது?

ஒப்பந்தம் அவளே போட்டாள். "ஞாயித்துக்கெழம அந்த வண்டி நாலு தபா ஒழுங்கா ஓடட்டும். அப்பறம் நான் வாயே தொறக்கமாட்டேன். ஓடல, திங்கக்கெழம மரியாதையா சரின்னு சொல்லிடு."

ஓடவில்லை என்றால் மறுபடி நீலச் சட்டை, மறுபடி கையெழுத்து நோட்டு, மறுபடி அந்த மேனேஜர் முகம். பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதலாம்.

மே 6, புதன்

திருவிடந்தை. கடற்காற்று, ஆனால் அதுவும் சூடு.

தேசிங்குவைப் பார்த்தேன். படகுகளுக்கு அலுமினிய ஐஸ் பெட்டி செய்கிறவர். இந்தக் கரையில் அலுமினியம் ஒட்டுவதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. (தகவல்: தேசிங்கு.) நான் அளவெல்லாம் போட்டு வரைந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். தலைகீழாக வைத்திருந்தார். நேராக்கிக் கொடுத்தேன். மறுபடி தலைகீழாக்கிக்கொண்டார்.

"எத்தினி கிலோ மீனு புடிக்கணும்?"

"மீனு இல்ல தேசிங்கு. தண்ணி. ஐஸ் தண்ணி."

"ஐஸு கீது, மீனு இல்ல. அப்ப இன்னாத்துக்குப் பொட்டி?"

காருக்கு என்றேன். "கார்ல ஏசி இல்லியா?" என்றார். இன்ஜினுக்கு என்று விளக்கினேன். பணக்காரர்கள் எதையும் செய்வார்கள் என்ற முடிவுக்கு வந்து, நாளை சாயங்காலம் தருவதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் இளநீர் இரண்டு. வெயிலுக்கு ஒன்று, கவலைக்கு ஒன்று.

மே 7, வியாழன்

பெட்டி வந்தது. அழகு. ஒட்டு ஒவ்வொன்றும் அடுக்கி வைத்த காசு மாதிரி வரிசை. மூடி நச்சென்று பொருந்துகிறது. மூடிமேல் வெல்டிங்கிலேயே பெரிதாக "தேசிங்கு" என்று எழுதியிருக்கிறார். எல்லாப் பெட்டியிலும் எழுதுவாராம், கரையில் மாறிப்போகாமல் இருக்க. அத்தனை பெரிய வண்டியின் டிக்கியைத் திறந்தால் இனி தேசிங்கு.

அதைக்கூட விட்டுவிடுவேன். கீழே மூலையில் ஓர் ஓட்டை! கட்டை விரல் தாராளமாகப் போகும். பெட்டியின் அடித்தளம் வேறு அந்த ஓட்டையைப் பார்த்துச் சரிவு. படத்தில் இது இல்லவே இல்லை.

"யோவ், தண்ணி நிக்க வேண்டிய பொட்டில ஓட்ட போட்டு வெச்சிகிற?"

"அடில ஓட்ட இல்லாத பொட்டி என் கையால ஒண்ணு பண்ணது இல்ல அண்ணாத்த. கழுவ வாணாமா?"

"இதுல கழுவ இன்னா கீது? வெறும் தண்ணி!"

"அப்டித்தான் எல்லாரும் சொல்லுவான். நாலாம் நாளு நாறும்."

அடைத்துக் கொடு என்றேன். மாட்டேன் என்றார். நல்ல பெட்டியைக் கெடுக்கமாட்டாராம். அரை மணி நேரம் வாக்குவாதம். ஜெயித்தது தேசிங்கு. ஓட்டைக்கு மரை வெட்டிப் பித்தளைத் திருகு மூடி போட்டு, வாஷர் வைத்து இறுக்கினேன். அதைத் திறக்க வழி வேண்டுமே, ஆகவே நாளை டிக்கி தரையிலும் கூடுதலாக ஓர் ஓட்டை போட வேண்டும். இரண்டு போட வேண்டிய இடத்தில் மூன்று. எரிச்சலில் மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்றரைக்கு சமோசா இரண்டு.

மே 8, வெள்ளி

வேலைப் பட்டியல்:
– டிக்கி கார்ப்பெட் எடுத்தல் (ஆயிற்று. உள்ளே ஒரு பழைய மனை நோட்டீஸ்)
– தரையில் ஓட்டை 3
– ஓட்டை விளிம்புக்கு ரப்பர்
– பெட்டியைப் போல்ட் போட்டு நிறுத்துதல்
– பம்ப், ஒயர், ஃபியூஸ்
– ஹோஸ், போக ஒன்று, வர ஒன்று
– பயப்படாமல் இருத்தல்

ஓட்டை போடுவதற்கு முன் பா.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாக்பீஸில் மூன்று வட்டம். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "நான் டீக்கடைல கீறேன். எனக்குச் சொல்லாம போட்டுருங்கண்ணா" என்று ஓடினார். முதல் ஓட்டை விழுந்த சத்தம் டீக்கடை வரை கேட்டிருக்கிறது. டீ மாஸ்டர் சொன்னது: "அண்ணாத்த, அவரு நெஞ்சப் புட்ச்சிகினாரு."

எனக்கும் பயம்தான். வெளியில் காட்டவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் நல்ல தகரத்தில் ஓட்டை போட்டது இதுதான் முதல் தடவை.

சாயங்காலத்துக்குள் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. பா. வந்து டிக்கியைத் திறந்தார். மூடிமேல் எழுத்தை விரலால் தடவிப் படித்தார். பிறகு, "யாருண்ணா தேசிங்கு?"

மே 9, சனி

தண்ணீர் ஊற்றினேன். பம்ப் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது. தண்ணீர் நகரவில்லை. ஹோஸைக் கழற்றி மாட்டினேன். பம்பைக் கழற்றி மாட்டினேன். ஃபியூஸ் மாற்றினேன். பம்பைத் திட்டினேன், தேசிங்குவைத் திட்டினேன், சூப்பர்சார்ஜர் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். பதினோரு மணி. பன்னிரண்டு. ஒரு மணி. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இரண்டு மணிக்கு ஸ்டெல்லா டியூட்டி முடித்துச் சோற்று டப்பாவோடு வந்தாள். யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. கொஞ்ச நேரம் என்னையும் ஹோஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள காத்து நிக்குது."

"உனக்கு இன்னா தெரியும்?"

"தெனம் நாப்பது பேருக்கு டிரிப்ஸ் போடறேன், எனக்கு இன்னா தெரியுமா? டியூப்ல காத்து நின்னா மருந்து எறங்காது. பாட்டில மேல தூக்குவோம், டியூப சுண்டுவோம். இத மேல தூக்கு."

பாட்டில் என்று அவள் சொன்னது இரண்டு டன் வண்டியை. ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினேன். அவள் குனிந்து ஹோஸை விரலால் டொக் டொக்கென்று சுண்டிக்கொண்டே போனாள். முன்பக்கம் கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று, அப்புறம் தண்ணீர், என் முகத்தில். அப்படிச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை எழுதவில்லை, வெட்கம்.

அடுத்த பேஜார்: ஐஸ். ஐஸ் ஃபேக்டரியில் இன்று மாதாந்திர மின்தடை, நாளை ஞாயிறு லீவு. தேசிங்குவுக்குப் போன் செய்தேன். "ஐஸுக்கா கவல? கரைல கொட்டிக் கெடக்குது. நான் காலைல நேரா கொண்டாறேன்." சுத்தமான ஐஸ் வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். "பால் மாரி கீது அண்ணாத்த" என்றார்.

பா. வண்டியை லேஅவுட்டுக்கு ஓட்டிப்போய்விட்டார்.

மே 10, ஞாயிறு

காலை ஆறரைக்கே வியர்வை. சர்ச் பூசைக்குச் சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று ஸ்டெல்லாவே சொன்னாள். பைக்கில் இருவரும் கிளம்பினோம்.

லேஅவுட்: ஒரு கி.மீ. நேர் ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் கல், கலர் கொடி, வீடு என்று ஒன்றுகூட இல்லை. ரேஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஓரத்தில் ஷாமியானா. மனை பார்க்க வேன் நிறையக் குடும்பங்கள். இலவச பிரியாணி. டிரம் நிறைய ஐஸில் ரோஸ்மில்க் பாட்டில்கள். "ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிரலாம்னுண்ணா" என்றார் பா. சிநேகிதர்கள் மூவரும் கூலிங் கிளாஸோடு நின்றார்கள்.

தேசிங்கு எங்களுக்கு முன்பே வந்து, பெட்டியை ஐஸால் நிரப்பி, மூடி, அதன்மேல் கை வைத்து மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றிருந்தார். மீன் வாடை அடித்தது. தேசிங்கு பக்கத்தில் எப்போதும் வருகிற வாடைதானே என்று விட்டுவிட்டேன். என் தப்பு.

ஓட்டம் 1: பறந்தது. மீட்டரில் காற்றுச் சூடு ஏறவே இல்லை.
ஓட்டம் 2: அதே. கூலிங் கிளாஸில் ஒன்று கழன்றது.
ஓட்டம் 3: பாதியில் சூடு சர்ரென்று ஏறியது. வண்டி படுத்துவிட்டது.

பா. முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டெல்லா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், மூன்றாவது விரலை மடக்கிவிட்டாள். எனக்கு நீலச் சட்டை கண்ணில் தெரிந்தது.

பெட்டியைத் திறந்தேன். ஒரு சந்தையே உள்ளே இருந்தது. செதில், செதில், செதில். தண்ணீர் வெளியே போகும் வாயில் குறுக்காக ஒரு நெத்திலி. தலை உள்ளே, வால் வெளியே.

"சுத்தமான ஐஸ்தானய்யா கேட்டேன்!"

"சுத்தந்தான் அண்ணாத்த. நேத்து ஒரே ஒருக்காதான் மீனு வெச்சி எட்த்தோம்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் தேசிங்கு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். பித்தளை மூடியைத் திருகினார். பெட்டித் தண்ணீர் மொத்தமும் செதிலோடு ஒரே நிமிடத்தில் ரோட்டில். செடிக்குத் தண்ணீர் விட நின்ற டேங்கர் லாரியின் குழாயை ஸ்டெல்லா இழுத்து வந்து பெட்டிக்குள் விட்டாள். சரிவில் அத்தனையும் வழித்துக்கொண்டு போனது. நான் பம்பைக் கழற்றி ஊதினேன், நெத்திலியின் மிச்சம் பறந்தது. எங்கிருந்தோ நாலு பூனை.

தேசிங்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "கழுவ வாணாமான்னு கேட்டனே?"

பம்பை மாட்டிவிட்டு, பித்தளை மூடியை நானே வாங்கி இறுக்கினேன்.

புது ஐஸ்? ஸ்டெல்லா ஷாமியானாவைப் பார்த்தாள். பா.வைப் பார்த்தாள். பா. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். டிரம்மை நானும் ஸ்டெல்லாவும் தூக்கி வந்து பெட்டிக்குள் கவிழ்த்தோம். ரோஸ்மில்க் பாட்டில்கள் வெயிலில் நின்றன.

ஸ்டெல்லா சட்டம் போட்டாள்: "மூணாவது செல்லாது. மறுபடி மொதல்லேர்ந்து நாலு."

நாலும் ஓடியது. சொன்னபடி நாலு. நாலாவது ஓட்டத்திலும் மீட்டர் அசையவில்லை. மூன்று கூலிங் கிளாஸும் கழன்றுவிட்டன. ஷாமியானாவில் ஒருவர் சூடான ரோஸ்மில்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வண்டி மனையோட வருதா?" என்று கேட்டார். பா. ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது.

ஸ்டெல்லா என்னைத் தாண்டி நடந்தாள். தேசிங்குவிடம் போய், "அடுத்த பொட்டில தண்ணி போற வாய்க்கு ஒரு சல்லட வெச்சி ஒட்டுண்ணா" என்றாள்.

அடுத்த பெட்டி என்றாள். பைக்கில் வரும்போது திருப்போரூர் தாண்டும் வரை அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். சந்தோஷம். வேறு எப்படி எழுதுவது?

மே 11, திங்கள்

வெயில் அதே. பா. காலையில் போன்: வண்டி சூப்பர், ஆனால் மீன் வாடையில் அவர் மனைவி ஏற மறுக்கிறார். பூனைகள் காம்பவுண்டை விட்டுப் போகவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னேன்.

ஒன்பதரைக்குச் சிநேகிதர்களில் ஒருவர் வெள்ளை வண்டியோடு வந்துவிட்டார். கார்ப்பெட் எடுத்து, சாக்பீஸில் வட்டம் போட்டேன். இரண்டு போட்டேன். கொஞ்சம் நின்றேன். மூன்றாவதும் போட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு மத்தியான டியூட்டி. ஷெட்டிலேயே இருந்தாள்.

பத்து மணி. போன் அடித்தது, மேனேஜர்தான். கையெல்லாம் கிரீஸ், பாதி உடம்பு டிக்கிக்குள். ஸ்டெல்லா எடுத்தாள். நான் டிரில்லை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"சொல்லுங்க சார்... இல்ல சார், அவரால வர முடியாது... இன்னிக்கு மட்டும் இல்ல சார், எப்பவுமே... வேல கீது சார். டிக்கில ஓட்ட போட்டுகினு கீறாரு... எத்தினியா? மூணு. கழுவ வாணாமா சார்?"