கண்ணாடி இல்லாமல் படித்தார் அப்பா

மார்ச் 5, வியாழன்

ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் சொல்ல அம்மா போயிருந்தாள். அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல்! பொடி எழுத்து விளம்பரம் வரை கடகடவென்று.

"பாத்தியா பாப்பா, பொடி வேல செய்யுது."

சர்க்கரை நோய்க்கென்று சந்தையில் வாங்கிய பொடியைச் சொல்கிறார். அதை ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரை கிடையாது. நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாரே.

கடையில் கலாவிடம் நானே போய்ச் சொன்னேன். இந்த ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்த நாளிலிருந்து நானாகப் பேச்சை ஆரம்பித்தது இதுதான் முதல் தடவை என்று அவள் கிண்டல். அவள் அம்மாவுக்கும் அந்தப் பொடி வேண்டுமாம்.

ஒன்று மட்டும். காலையில் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் என்னை இறக்கிவிட வந்த அப்பா, வந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்து "அது திண்டிவனமா, பாண்டியா?" என்று கேட்டார். போர்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெயிலில் கண் கூசியிருக்கும்.

ராத்திரி பல தரம் எழுந்து போகிறார். தண்ணீர்க் குடம் காலையில் காலி.

மார்ச் 8, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். தலைக்குக் குளியல். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது வாங்கவில்லை.

அப்பா கிணற்று மேட்டில் நின்று ஒரு கண்ணை மூடுகிறார், திறக்கிறார். அடுத்த கண்ணை மூடுகிறார். திரும்பத் திரும்ப.

அம்மா: "இந்தாய்யா, யாரப் பாத்து கண்ணடிக்கிற இந்த வயசுல?"

"உன்னத்தான், வேற யாரு கீறா இங்க?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

காலையில் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஹைவேயில் ஏறும் இடம். வலது பக்கம் வேன். அப்பா திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டும் ஏறினார். நான் கத்தினேன். வேன்காரர் பிரேக் போட்டு, தலையை நீட்டி, "யோவ் பெருசு, கண்ணு பொட்டையா?" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "வலது கண்ணுல மை கொட்டினாப்ல கீதும்மா. நாலு நாளா. முதல்ல பூச்சி பறந்துச்சி. அப்புறம் அப்பிக்கிச்சி."

"ஏம்ப்பா சொல்லல?"

"ஒண்ணுலதான் நல்லா படிக்க முடியுதேன்னு விட்டுட்டேன்."

வேலைக்குப் போகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

மார்ச் 11, புதன்

விழுப்புரம் கண் ஆஸ்பத்திரி. கூட்டம். டாக்டரிடம் கேட்க நினைத்தவை: ஏன் இப்படி. பழையபடி வருமா. இடது கண் எப்படி. சாப்பாடு. பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன். அவர் முன்னால் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பி.காம். முதல் வகுப்பு.

அப்பாதான் பேசினார். "கண்ணு நல்லாத்தான் இருந்துச்சிங்க. கண்ணாடி இல்லாம பேப்பர் படிச்சேங்க."

"அது குணமானதில்லீங்க ஐயா. சுகர் ஏறினா கண்ணுக்குள்ள லென்ஸ் உப்பும். கிட்டத்துல இருக்கிறது தெளிவா தெரியும், தூரம் மங்கும். நிறைய பேர் இதுல ஏமாந்துடறாங்க. மாத்திரைய நிறுத்தினீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும். கலாவிடம் வேலை மெனக்கெட்டுப் போய்ச் சொன்னவள் நான்.

வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். கரைகிறதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் ஆபரேஷன். இடது கண்ணிலும் அதேபோல மெல்லிசான ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் உடையலாம். இன்றைக்கே லேசர் வைக்கவேண்டும் என்றார்.

"வச்சா இன்னும் நல்லா தெரியுங்களா?"

"இப்ப தெரியறது போகாம இருக்கத்தான்."

"அவ்ளோதானா?"

எழுந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா." நான் அப்பாவின் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன். ஏன் வந்தேன்? வாசலிலாவது கையைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

பஸ்ஸில் அப்பா துண்டால் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கிற ஒண்ணையும் சுட்டுடுவானுங்க. ஏழுமலைக்கு சுட்டாப்ல." ஏழுமலைப் பெரியப்பா எங்கள் பங்காளி. இரண்டு கண்ணும் தெரியாது. லேசர் வைத்துத்தான் போனது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

கலாவுக்கு போன் செய்து பொடி வேண்டாம் என்றேன். ஏற்கெனவே வாங்கிவிட்டாளாம். "எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆவலையே" என்கிறாள். குப்பையில் போடு, மாத்திரையை நிறுத்தாதே என்று மறுபடி மறுபடி சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

மாத்திரை ஆரம்பித்துவிட்டார். அதற்கு மட்டும் சம்மதம். லேசர் என்ற வார்த்தையை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

அம்மா திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். என்னிடம் "நீ படிச்சவ, நீ சொன்னா கேப்பாரு" என்கிறாள். என் குரல் எனக்கே கேட்பதில்லை. இன்று முழுக்க அவர் இடது கண்ணையே பார்த்தேன். சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. நல்ல கண்.

கடையில் ஒரே புடவைக்கு இரண்டு தரம் பில் போட்டுவிட்டேன். திட்டு.

மார்ச் 14, சனி

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். தனியாக. கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

நான் நின்றேன். வழக்கமாக யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு சிரிப்பு, தலையாட்டல். அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். அவரிடம் அது செல்லாது.

"யாருன்னு கேக்கறேன்ல. பேசினாத்தான எனக்குத் தெரியும்!"

பேர் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, அழுதுகொண்டே.

அவர் கை நின்றுவிட்டது. "என்னக் காட்டியா வேணான்றான்? நான் எங்க முழுசா வச்சிக்கினேன்மா? மூணு தபா வரச் சொன்னாங்க. ஒரு தபா போனேன். முன்னவிட மங்கலா இருந்துச்சி. பேஜாரா பூட்டுது. இன்னாத்துக்கு பஸ் ஏறணும்னு வுட்டுட்டேன். அப்புறம்தான் கண்ணு போச்சு."

"லேசராலதான்னு எல்லாரும்..."

"நான்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன். நானா வுட்டேன்னு எவன்கிட்ட சொல்றது?"

என் போனிலிருந்தே அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். "டேய், நான் பாதியில ஓடியாந்தவன்டா. என்ன வச்சி கணக்குப் போடாத. ஜல்தியா கெளம்பு." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "வச்சிட்டானா?" என்று என்னிடம் கேட்டார். அப்பா வைத்துவிட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா என்னிடம் பேசவில்லை. பங்காளி வீட்டில் போய் மானத்தை வாங்கிவிட்டேனாம். அம்மாவிடம் சொன்னது.

மார்ச் 15, ஞாயிறு

மேகமூட்டம். மழை வந்தால் களத்தில் காயும் மல்லாட்டை நனையும் என்று அம்மா தார்ப்பாய் தேடினாள். அப்பா உதவிக்குப் போனவர் பாதியில் நின்றார். முகத்துக்கு முன்னால் கையை வீசினார். கொசுவை ஓட்டுவதுபோல.

கொசு இல்லை.

கிட்டே போனேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர்:

"ஒரே ஒரு நூலு. இதுலயும்."

தார்ப்பாயை அம்மாவும் நானும்தான் விரித்தோம். மழை வரவில்லை.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு, "காலைல மொத பஸ்ஸுக்குப் போலாமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் இருந்தால் இப்போதே போயிருப்போம். அவர் தலையை அசைக்காமல் படுத்திருக்கிறார். அசைத்தால் உடைந்துவிடும் என்று நினைக்கிறார் போல. நானும் மெதுவாகத்தான் நடக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

ஆஸ்பத்திரி ஹால். மதியம் இருக்கும்.

பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அப்பா சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதே டாக்டர். இந்த முறை நான் கேட்டேன். "எத்தன தடவ வைக்கணும்? முதல் தடவைக்கு அப்புறம் மங்குமா? பரவாயில்ல, எல்லாத்தையும் இப்பவே அவர்கிட்ட சொல்லிடுங்க." சொன்னார். மூன்று முறையாவது. கொஞ்ச நாள் மங்கலாம். பழையபடி ஆகாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். இடது கண்ணிலும் கொஞ்சம் கசிய ஆரம்பித்திருக்கிறது, போன வாரமே வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார்.

உள்ளே போகும்போது செருப்பை என்னிடம் கொடுத்தார். கதவைச் சாத்தினார்கள்.

நர்ஸ் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். "பச்சைப் பச்சையா வெளிச்சம் வெட்டுச்சி" என்றார் அப்பா. பிறகு, "கரண்ட் போச்சா?" என்றார்.

போகவில்லை. ஃபேன் ஓடுகிறது. ஜன்னல் முழுக்க வெயில்.

மருந்து விட்டதாலும் வெளிச்சத்தாலும் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும், தெளியும் என்றார் நர்ஸ். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறுமாம்.

சும்மா உட்கார முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அப்பா என் பக்கம் திரும்பியிருக்கிறார். கண் திறந்திருக்கிறது.

"இன்னாம்மா எழுதிக்கினு கீற?"

எழுதுவது தெரிகிறதா அப்பா என்றேன்.

"பேனா சத்தம் கேக்குது."