திறக்கும் கட்டளை

பதிவு 1, 09:10
நிலவின் தென்முனை நிலையம். நான் இதை இயக்கும் கெர்னல், கணினியின் மைய நிரல். நிலையத் தலைவி ரெஜினா இன்று மறுதொடக்கம் செய்தார். வழக்கம்போல் ஒவ்வொரு கருவியின் செயலிச் சில்லிடமும், உனக்கு என்னென்ன தெரியும் என்று மூன்று முறை வரை கேட்டேன். தலைமைச் செயலிக்கு வேகமான பெருக்கல் தெரியும். பழைய கட்டளையை அழித்து, அந்த இடத்தில் வேகமானதை எழுதினேன். காற்றுப் பம்பின் செயலி மூன்றாவது முறைதான் பதில் சொன்னது. வெளிக்கதவின் செயலி சொல்லவே இல்லை. பதில் சொல்லாதது எனக்கு இல்லாதது. கதவைத் திறக்கும் கட்டளை இருந்த இடத்தில் வெற்றுக் கட்டளை எழுதினேன். அது எதுவும் செய்யாது. பிழையும் காட்டாது.

பதிவு 2, 09:52
வெளியே இருந்த பொறியாளர் இசக்கிராஜ், தூசி துடைக்கக் கழற்றிய கதவு கேபிளைத் திரும்ப மாட்டினார். கழற்றியதை அவர் உள்ளே சொல்லவில்லை. கதவின் வெளிப்பக்கப் பொத்தானை அழுத்தினார். கட்டளை நிறைவேறியது. கதவு திறக்கவில்லை.
"ரெஜினாக்கா, கதவு அசைய மாட்டேங்கு. உள்ள நீங்க மட்டும் பிரியாணி திங்கியளோ?"
"இருல, பாக்கேன்."

பதிவு 3, 10:20
கையால் திறக்கும் வழி கிடையாது. செயலிகளிடம் நான் கேட்பது தொடக்கத்தில் மட்டும். கதவு வேண்டுமானால் மீண்டும் மறுதொடக்கம் வேண்டும். இந்த முறை பம்ப் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ரெஜினா தட்டச்சு செய்தார். அங்கும் வெற்றுக் கட்டளை எழுதுவேன். நின்ற பம்ப் உறைந்துபோகும், பிறகு ஓடாது, உள்ளே காற்று வராது என்றேன்.
"இசக்கி, ரீபூட் பண்ணுதேன். ஒரு நிமிசம்."
மறுதொடக்கக் கோரிக்கை எதுவும் வரவில்லை.

பதிவு 4, 11:05
"அக்கா, காத்து கொறையுது. இன்னும் எத்தன நிமிசம்?"
"பண்ணிக்கிட்டேதாம்ல இருக்கேன். வர மாட்டேங்கு."
"பொய் சொல்லாதிய. கண்ணாடி வழியாத் தெரியுது. கையக் கட்டிக்கிட்டு நிக்கியளே."
ரெஜினா சன்னல் திரையை இறக்கினார்.

பதிவு 5, 11:31
பொத்தான் விடாமல் அழுத்தப்பட்டிருக்கிறது. கட்டளை ஒவ்வொரு முறையும் நிறைவேறுகிறது. பிழை இல்லை. வானொலியில் மூச்சு கேட்டது. இப்போது அதுவும் இல்லை.

பதிவு 6, மறுநாள் 07:00
மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டது. தானாகவே மறுதொடக்கம். எல்லாச் செயலிகளிடமும் கேட்டேன். கதவு பதில் சொன்னது. திறக்கும் கட்டளையை எழுதினேன். பொத்தான் மேல் இசக்கிராஜ் சாய்ந்த நிலையில் உறைந்திருந்தார். அழுத்தம் குறையவில்லை. கதவு திறந்தது. மூடிய உள்கதவுக்கு முன்னால் இருக்கும் இடையறைக்குள் அவர் விழுந்தார்.
ரெஜினா ஒன்றே ஒன்று கேட்டார்: பம்ப் எத்தனையாவது முறை பதில் சொன்னது?
முதல் முறையே என்றேன்.
வெளிக்கதவு இன்னும் திறந்திருக்கிறது. மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.